பட்டாளத்து டிரங்குப் பெட்டியும் பிள்ளைகள் படிப்பும்: பயனுள்ள குறிப்புகள்

பதினேழு வருஷ சர்வீஸ் முடிந்து என் கணவர் ஊருக்கு வந்து இறங்கிய அன்று, கருப்பு பெயின்ட் அடித்து வெள்ளை எழுத்தில் பெயரும் நம்பரும் எழுதிய டிரங்குப் பெட்டி ஒன்றும் கூடவே வந்து இறங்கியது. கம்பளி, ஜெர்சி, அலுமினிய மெஸ் டின், அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர் நிறையக் காகிதம். கம்பளியை அன்றைக்கே வெயிலில் காயப்போட்டேன். காகிதத்தை எடுத்துப் பார்க்க ஒன்றரை வருஷம் ஆயிற்று. அதற்குள் மூத்தவள் இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷத்துக்குப் போய்விட்டாள். முதல் வருஷத்தில் மட்டுமே கேட்கக்கூடிய ஓர் உதவித்தொகை கையை விட்டுப் போயிற்று. நாலு வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் 1,44,000 ரூபாய்.

வேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பட்டாளத்து வீடு உண்டு. பட்ட அடியில் கற்றுக்கொண்டதை வைத்து இப்போது அந்த வீடுகளுக்கெல்லாம் ஃபார்ம் நிரப்பித் தருகிறேன். அதில் தெரிந்துகொண்டவை இவை.

1. டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. எனப்படும் பென்ஷன் ஆணை, முன்னாள் படைவீரர் அடையாள அட்டை. இந்த மூன்றும் இல்லாமல் எந்தச் சலுகையும் நகராது. மூன்றையும் பக்கம் விடாமல் ஜெராக்ஸ் எடுத்து ஐந்து செட் வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் புக்கில் "காலிப் பக்கம்தானே" என்று விடும் பக்கத்தில்தான் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் பதிவு முத்திரை இருக்கும். ஒரு செட்டை ஸ்கேன் செய்து மகனோ மகளோ பயன்படுத்தும் மெயிலுக்கு அனுப்பி வையுங்கள். விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஆன்லைனில்தான். அளவு பெரிதாக இருந்தால் தளம் ஏற்காது. கறுப்பு வெள்ளையில், எழுத்து தெளிவாகத் தெரியும் அளவுக்குக் குறைத்த ஒரு பிரதியும் தனியாக இருக்கட்டும்.

2. எங்களுக்கு ஏற்பட்ட தாமதத்தில் பாதிக்குக் காரணம் இனிஷியல்தான். நம் ஊரில் தகப்பன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டு, தன் பெயரை எழுதிவிட்டால் முடிந்தது. பட்டாளத்துக்கு அது போதாது. ஆள் சேர்க்கும் நாளில் எழுதுகிறவர் வடக்கத்திக்காரராக இருந்தால் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகிவிடும். சில வீடுகளில் ஊர்ப் பெயரே குடும்பப் பெயராகி நிற்கிறது. டிஸ்சார்ஜ் புக்கில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம், பிள்ளையின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் தகப்பன் பெயர் இன்னொரு விதம். கணினிக்கு இவர்கள் மூன்று பேர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாக் காகிதத்தையும் தரையில் பரப்பிவைத்து, பெயர், பிறந்த தேதி இரண்டையும் மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கே வேறுபடுகிறதோ அதை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆதாரையும் வங்கிக் கணக்கையும் திருத்துவது சுலபம், அதனால் அவற்றை டிஸ்சார்ஜ் புக்குக்கு ஏற்ப மாற்றிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். பள்ளிச் சான்றிதழைத் தொடவே தொடாதீர்கள், அது பெரிய வேலை.

3. மனைவியின் பெயரும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் பிறந்த தேதியும் ரெக்கார்ட் ஆபீஸில் பதிவாகியிருக்க வேண்டும். அந்தப் பதிவைத்தான் 'பார்ட் டூ ஆர்டர்' என்கிறார்கள். கல்யாணமானாலும் பிள்ளை பிறந்தாலும் யூனிட்டில் சொல்லி அதைப் போட வைக்க வேண்டும். எல்லைப் பக்கம் போஸ்டிங்கில் இருந்த வருஷத்தில் பிறந்த பிள்ளைக்கு இது விட்டுப்போயிருப்பது சகஜம். இன்னும் சர்வீஸில் இருப்பவர் என்றால் அடுத்த லீவுக்கு வரும்போதே பிறப்புச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். யூனிட்டில் இருக்கும்போது இது ஒரு கிளார்க்கின் மேஜையில் முடிகிற காரியம். வெளியே வந்த பிறகு நல அலுவலகம் வழியாக ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதி, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்களுக்கு அது வெலிங்டனில், நீலகிரியிலேயே இருக்கிறது. சிக்னல்ஸ்காரர்களுக்கு ஜபல்பூர், ஆர்ட்டிலரிக்கு நாசிக். ஓய்வு பெற்ற பிறகு பிள்ளை பிறந்தாலும் இதே வழிதான்.

4. ஓய்வு பெற்று வந்ததும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிந்துகொள்ளுங்கள். 'பென்ஷன்தான் ஸ்பர்ஷில் வந்துவிடுகிறதே, அங்கே எதற்குப் போக வேண்டும்' என்று நினைப்பவர்கள் நிறைய. பென்ஷன் வேறு, இது வேறு. டெல்லியில் உள்ள கேந்திரிய சைனிக் போர்டுக்குப் போகும் கல்வி விண்ணப்பங்களை முதலில் சரிபார்ப்பது இந்த மாவட்ட அலுவலகம்தான். சொந்த ஊர் ஒரு மாவட்டம், குடியிருப்பது இன்னொரு மாவட்டம் என்றால் எங்கே பதிவு இருக்கிறது என்பதை நினைவில் வைத்திருங்கள், வீடு மாறினால் பதிவையும் மாற்றிக்கொள்ளுங்கள். மாவட்டங்களைப் பிரித்த பிறகு எங்கள் பக்கத்தில் பலருக்கு இந்தக் குழப்பம் வந்தது.

5. ஓய்வுக்கு முன்பே பயிற்சி. பட்டாளத்தில் ஆண்டுதோறும் சுமார் 60,000 பேர் ஓய்வு பெறுகிறார்கள். ஜவான்களில் பெரும்பாலோருக்கு அப்போது வயது நாற்பதைத் தொட்டிருக்காது. பிள்ளைகள் ஐந்தாவது, எட்டாவது படித்துக்கொண்டிருப்பார்கள். இவர்களுக்காகப் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் மறுவாழ்வு இயக்குநரகம் என்று ஒன்று இருக்கிறது. பட்டாளத்தில் எல்லோரும் டி.ஜி.ஆர். என்றுதான் சொல்வார்கள். கடைசிக் காலத்தில், சம்பளத்தோடே, வெளியே ஒரு நிறுவனத்தில் சேர்ந்து படிக்க அது அனுப்புகிறது. ஜவான் முதல் ஜே.சி.ஓ. வரை கட்டணம் முழுவதையும் இயக்குநரகமே கட்டிவிடும். இதற்கு யூனிட் வழியாகத்தான் பெயர் கொடுக்க வேண்டும். கடைசி ஆறு மாதத்தில் விழித்துக்கொண்டால் இடம் கிடைக்காது, ரிலீஸ் தேதிக்கு இரண்டு வருஷம் முன்பிருந்தே போனில் நச்சரிக்க ஆரம்பியுங்கள். நான் நச்சரிக்கவில்லை. அவரும் 'ஆகட்டும்' என்றே ஓட்டிவிட்டார்.

6. எந்தப் பயிற்சியை எடுப்பது? பட்டியலில் செக்யூரிட்டி சூப்பர்வைசர், தீயணைப்பும் பாதுகாப்பும், கம்ப்யூட்டர், பண்டகசாலை நிர்வாகம், மருத்துவமனை நிர்வாகம், பால்பண்ணை என்று பலதும் இருக்கும். நண்பர்கள் நாலு பேர் எதில் சேருகிறார்களோ அதில் சேருவதும், வீட்டுக்குக் கிட்டத்தில் நடக்கிறது என்பதற்காகச் சேருவதும்தான் வழக்கம். சொந்த ஊரில் இருக்கலாம் என்ற ஆசை யாருக்குத்தான் இருக்காது! ஆனால் அந்த ஆசையே ஆறு மாதத்தைத் தின்றுவிடும். நான் பார்த்த வரையில் கையில் இருக்கும் டிரேடுக்குப் பக்கத்தில் உள்ள படிப்பை எடுத்தவர்களே பிழைத்துக்கொண்டார்கள். எங்கள் தெருவில் ஸ்டோர்கீப்பராக இருந்த ஒருவர் பண்டகசாலை நிர்வாகம் படித்தார். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு குடோனில் சேர்ந்து இரண்டு வருஷத்தில் பொறுப்பாளராகிவிட்டார். டிரைவராக இருந்த இன்னொருவர் ஹோட்டல் நிர்வாகம் படித்துவிட்டு, இப்போது பள்ளி வேன் ஓட்டுகிறார். வேன் ஓட்டுவதில் ஒரு குறையும் இல்லை, அதற்கு அந்தப் படிப்பு தேவைப்படவில்லை என்றுதான் சொல்கிறேன். சேரும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: சான்றிதழ் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பின்படி உள்ளதா? முந்தைய அணியில் படித்த ஒருவருடைய போன் நம்பர் கிடைக்குமா? இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

7. அதிகாரிகளுக்கு ஐ.ஐ.எம். போன்ற இடங்களிலேயே ஆறு மாத நிர்வாகப் படிப்பு உண்டு. கட்டணத்தில் 60 சதவீதத்தை அரசு தரும், 40 சதவீதம் சொந்தக் கைக்காசு.

8. சர்வீஸில் இருக்கும்போது பயிற்சியைத் தவறவிட்டவர்கள் அடியோடு விட்டுவிட வேண்டாம். ஓய்வு பெற்ற பிறகும் மாநில, மாவட்ட அலுவலகங்கள் வழியாகப் பயிற்சி நடப்பதுண்டு. படைவீரர் காலமாகிவிட்டிருந்தால் அவர் மனைவியோ அவரைச் சார்ந்திருந்த ஒருவரோ அந்த இடத்தில் சேர முடியும். எப்போது நடக்கிறது என்பதை அலுவலகப் பலகையில் ஒட்டுவார்கள். பலகையைப் பார்க்க யார் போகிறார்கள்? மாதத்துக்கு ஒரு முறை கேன்டீனுக்குப் போகும்போது அப்படியே எட்டிப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

9. பத்தாம் வகுப்போடு பட்டாளத்தில் சேர்ந்து, 15 வருஷம் முடித்தவருக்குப் பட்டதாரிக்குச் சமம் என்று ஒரு சான்றிதழ் தருவார்கள். இதைப் பற்றி இரண்டு விதத் தவறான எண்ணம் ஊரில் இருக்கிறது. ஒரு சாரார் அதை வெறும் காகிதம் என்று பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். இன்னொரு சாரார் அதுவே டிகிரி என்று நம்பி எம்.ஏ.வுக்கு விண்ணப்பித்து, திருப்பி அனுப்பப்படுகிறார்கள். உண்மை நடுவில் இருக்கிறது. முன்னாள் படைவீரருக்கென்று ஒதுக்கிய மத்திய அரசின் 'சி' பிரிவுப் பணிகளில், பட்டப்படிப்பு கேட்கும் இடத்துக்கு, அது தொழில்நுட்ப வேலையாக இல்லாத பட்சத்தில், இந்தச் சான்றிதழை ஏற்றுக்கொள்ளலாம் என்று விதியே இருக்கிறது. பொதுத்துறை வங்கி கிளார்க் தேர்வுக்கும் இதை வைத்து எழுதலாம். மேற்படிப்புக்குச் சேரவோ பொதுப் போட்டியில் நிற்கவோ உதவாது.

10. உண்மையான டிகிரி வேண்டுமென்றால் சர்வீஸில் இருக்கும்போதே இந்திராகாந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து முடித்துக்கொள்வது நல்லது. லே-யில் இருந்தாலும் தேஸ்பூரில் இருந்தாலும் தேர்வு எழுத வழி உண்டு. வந்த பிறகு படிக்கலாம் என்று வைத்தால், வீட்டு வேலை, நிலத்துப் பிரச்சினை, தங்கை கல்யாணம் என்று புத்தகம் மேலே எழும்பவே எழும்பாது.

11. வேலைக்கான ஒதுக்கீட்டுக் கணக்கை ஒரு சீட்டில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிடுங்கள். மத்திய அரசுத் துறைகளில் 'சி' பிரிவில் 10 சதவீதம். பொதுத்துறை நிறுவனங்களிலும் வங்கிகளிலும் 'சி' பிரிவில் 14.5, 'டி' பிரிவில் 24.5 சதவீதம். வயதுக் கணக்கில், அவருடைய இன்றைய வயதிலிருந்து சர்வீஸ் வருஷங்களையும் அதோடு மேலும் 3 வருஷத்தையும் கழித்துப் பார்ப்பார்கள். 38 வயதுக்காரர் 17 வருஷம் சர்வீஸ் செய்திருந்தால் விண்ணப்பத்தில் அவர் 18 வயதுப் பையன்! எங்கள் வீட்டில் இதைச் சொல்லித்தான் அவரைப் பயிற்சி வகுப்புக்கு அனுப்பினேன். பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகள் 'அங்கிள்' என்று கூப்பிட்டதில் மட்டும் கொஞ்சம் வருத்தம்.

12. அரசு வேலை ஒன்றில் சேர்ந்துவிட்டால் முன்னாள் படைவீரர் ஒதுக்கீடு அதோடு தீர்ந்துபோகும். ஆனால் அந்த வேலையில் சேருவதற்கு முன்பே வேறு தேர்வுகளுக்கும் விண்ணப்பித்திருந்தால், சேரும் நாளன்றே அவற்றின் பட்டியலைத் தேதியோடு எழுதி அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். அப்படிக் கொடுத்தவருக்கு அந்தத் தேர்வுகளில் ஒதுக்கீட்டு உரிமை தொடரும் என்று 2014-இல் மத்திய அரசு தெளிவுபடுத்தியது. வேலை கிடைத்த சந்தோஷத்தில் இந்த ஒரு தாளை மறந்துபோனவர்கள் பலர்.

13. இனி நான் கோட்டைவிட்ட விஷயம். பிரதம மந்திரி உதவித்தொகைத் திட்டம் என்பது இதன் பெயர். தேசிய பாதுகாப்பு நிதியிலிருந்து பணம் வருகிறது. தொழிற்படிப்பு படிக்கும் பிள்ளைகளில் ஆண்டுக்கு 5,500 பேரைப் புதிதாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், மகன்கள் 2,750, மகள்கள் 2,750. மகனுக்கு மாதம் 2,500 ரூபாய், மகளுக்கு 3,000 ரூபாய். வருஷத்துக்கு ஒரு முறை மொத்தமாகப் பிள்ளையின் கணக்கிலேயே வரும். இன்ஜினீயரிங், மருத்துவம், கால்நடை, பி.எட்., எம்.பி.ஏ., எம்.சி.ஏ. போன்றவை இதில் அடங்கும். சாதாரண எம்.ஏ., எம்.எஸ்ஸி. அடங்காது. தபால் வழிப் படிப்பும் வெளிநாட்டுப் படிப்பும் அடங்காது. வருமான வரம்பு கிடையாது என்பதால் அப்பா வேறு வேலையில் இருந்தாலும் கேட்கலாம்.

கண்டிப்பான நிபந்தனைகள் இரண்டு. பிளஸ் டூவில், அல்லது எந்தப் படிப்பை வைத்துச் சேர்ந்தார்களோ அதில், 60 சதவீதம் வாங்கியிருக்க வேண்டும். இன்னொன்று, முதல் வருஷத்தில் சேர்ந்தவர் மட்டுமே விண்ணப்பிக்க முடியும். டிப்ளமோ முடித்து நேரே இரண்டாம் வருஷத்தில் சேரும் பிள்ளைகளுக்கு இதில் விலக்கு உண்டு, அவர்களும் கேட்கலாம். பாலிடெக்னிக் வழியாகப் போவது நம் ஊரில் எவ்வளவு சகஜம்! அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதைக் கோட்டைவிட வேண்டாம்.

போரில் உயிரிழந்தவர், காயமடைந்தவர், பதக்கம் பெற்றவர் குடும்பங்களுக்கு முதல் உரிமை. அதற்கு அடுத்துதான் மற்ற முன்னாள் படைவீரர் பிள்ளைகள், அதுவும் அதிகாரிக்குக் கீழ்ப் பதவிகளில் இருந்தவர்களின் பிள்ளைகள். கடலோரக் காவல்படையினருக்கும் உண்டு.

14. மேலே சொன்ன விண்ணப்பத்துக்கு மூன்று இடத்தில் கையெழுத்து வாங்க வேண்டும்: நல அலுவலர், கல்லூரி முதல்வர், வங்கி. மூன்றிலும் தாமதமாவது கல்லூரியில்தான். முதல் செமஸ்டர் ஆரம்பித்து விடுதி, சீருடை என்று எல்லோரும் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் விண்ணப்பக் காலமும் வரும். அட்மிஷன் போடும் அன்றைக்கே போனஃபைடு ஒன்று எழுதி வாங்கிவிட்டால் கல்லூரி எந்தப் பெயரில், எந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ், எந்த அங்கீகாரத்தோடு இருக்கிறது என்பது கையில் இருக்கும். வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில், ஆதார் இணைத்ததாக இருக்க வேண்டும். பத்தாவது படிக்கும்போது ஆரம்பித்த மைனர் கணக்கையே கொடுத்துவிட்டுப் பணம் வரவில்லை என்று ஆறு மாதம் அலைந்த குடும்பத்தை எனக்குத் தெரியும்.

தேர்வானதோடு முடிவதில்லை. ஒவ்வொரு வருஷமும் மதிப்பெண் பட்டியலை அனுப்பிப் புதுப்பிக்க வேண்டும். 50 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, அரியர் வைக்கக் கூடாது. பிள்ளையிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். 'ஒரு அரியர் 36,000 ரூபாய்' என்று சொன்னால் அவர்களுக்கே கணக்கு புரிந்துவிடும்.

15. அப்பா பி.எஸ்.எஃப்., சி.ஆர்.பி.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப். போன்றவற்றில் இருந்தவரா? அப்படியானால் சைனிக் போர்டு வாசலில் நிற்க வேண்டாம். அவர்கள் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிறார்கள். இதே பிரதமர் பெயரில் அவர்களுக்கென்று தனியாக ஓர் உதவித்தொகை உண்டு, அதற்கு தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சீருடை ஒரே மாதிரி இருப்பதால் அக்கம்பக்கத்தார் எல்லோரையும் 'மிலிட்டரி' என்று சொல்லிவிடுவார்கள், அலுவலகம் அப்படிப் பார்க்காது.

16. தொழிற்படிப்புக்குப் போகாத பிள்ளைகளுக்கும், சின்னப் பிள்ளைகளுக்கும் வேறொன்று இருக்கிறது. பாதுகாப்பு அமைச்சரின் முன்னாள் படைவீரர் நல நிதியிலிருந்து தரப்படும் கல்வி உதவி. ஒன்றாம் வகுப்பு முதல் பட்டப்படிப்பு வரை, இரண்டு பிள்ளைகளுக்கு. ஹவில்தார் வரையிலான பதவியிலும் மற்றப் படைகளில் அதற்குச் சமமான பதவியிலும் இருந்தவர்கள் கேட்கலாம். மாதம் 1,000 ரூபாயாக இருந்ததை, 2025 நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு 2,000 ஆக உயர்த்தியிருக்கிறார்கள். இரண்டு பிள்ளைகளுக்குச் சேர்த்து வருஷத்துக்கு 48,000 ரூபாய் என்பது எங்கள் ஊர்ப் பள்ளிக் கட்டணத்துக்குப் பெரிய தொகை. முடித்த வகுப்பின் மதிப்பெண் பட்டியலை வைத்துத்தான் கேட்க வேண்டும் என்பதால் ரிசல்ட் வந்த உடனே ஜெராக்ஸ் எடுத்து வைத்துவிடுங்கள். பிள்ளையின் பள்ளி ஒரு ரேங்க் கார்டைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளும் பழக்கம் உள்ளதென்றால் கையில் இருக்கும்போதே படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மாநில அரசிடமோ இப்போது வேலை பார்க்கும் இடத்திலோ அதே பிள்ளைக்குக் கல்விப்படி வாங்கவில்லை என்று எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். அதனால் எது லாபம் என்று முன்பே கூட்டிக் கழித்துப் பார்த்து, ஒரு பிள்ளைக்கு ஒரு வழியைத் தேர்ந்துகொள்ளுங்கள். இரண்டையும் வாங்கிவிட்டுப் பிறகு திருப்பிக் கட்டுவது தலைவலி.

17. பணியின்போது உயிரிழந்த, காணாமல்போன, ஊனமுற்ற வீரர்களின் பிள்ளைகளுக்கான கல்விச் சலுகை தனி. 1971 போருக்குப் பிறகு, 1972-இல் கொண்டுவந்தது. கல்விக் கட்டணம் முழுவதையும் திருப்பித் தரும் திட்டம். 2017-இல் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் கிடையாது என்று ஓர் உச்சவரம்பு வைத்தார்கள். நாடெங்கும் எதிர்ப்பு எழ, 2018 மார்ச்சில் அதை நீக்கிவிட்டார்கள். பழைய செய்தியைப் படித்துவிட்டு 'பத்தாயிரம்தான்' என்று இன்னும் சொல்பவர்கள் இருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளாதீர்கள்.

18. தமிழ்நாட்டு இன்ஜினீயரிங் கலந்தாய்வில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கு 150 இடங்கள். பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே இதை நடத்திவிடுவார்கள். ஆன்லைனில் பதியும்போது அந்தக் கட்டத்தில் 'ஆம்' என்று குறித்து, நல அலுவலகச் சான்றிதழையும் ஏற்ற வேண்டும். ஜூன் மாதத்தில் அந்தச் சான்றிதழுக்கு அலுவலகத்தில் வரிசை நிற்கும். பிளஸ் டூ தேர்வு முடிந்து ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் நாட்களில் போனால் ஒரே நடையில் வேலை முடியும். இது 150 இடம்தானே என்று அலட்சியம் வேண்டாம். போட்டியிடுவோர் குறைவு என்பதால் பொதுப் பிரிவில் எட்டாத கல்லூரி இதில் எட்டும்.

19. ஐந்தாவது படிக்கும் பிள்ளை இருந்தால் உடுமலைப்பேட்டை அருகே அமராவதிநகர் சைனிக் பள்ளியை நினைத்துப் பாருங்கள். 1962-இல் தொடங்கியது. ஆறாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் அகில இந்திய நுழைவுத் தேர்வு உண்டு. சாதி ஒதுக்கீடு போக மீதியிருக்கும் இடங்களில் 25 சதவீதம் படைவீரர், முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கு. ஆறாம் வகுப்பு என்றால் மார்ச் 31 அன்று 10 முதல் 12 வயதுக்குள் இருக்க வேண்டும். இங்கேதான் பார்ட் டூ ஆர்டரில் உள்ள பிறந்த தேதியும் பிறப்புச் சான்றிதழும் ஒத்துப்போகாமல் கதவு அடைபடுகிறது. விடுதிப் பள்ளி வேண்டாம் என்றால் கேந்திரிய வித்யாலயாவில் முன்னாள் படைவீரர் பிள்ளைகள், மத்திய அரசு ஊழியர் பிள்ளைகளோடு முதல் முன்னுரிமைப் பிரிவிலேயே வருகிறார்கள். பாதிப் பேருக்கு இது தெரியாது.

20. கணவரை இழந்த பெண்களுக்குச் சொல்ல வேண்டியது: இவையெல்லாம் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைத்து ஒதுங்காதீர்கள். பிரதம மந்திரி உதவித்தொகையில் நீங்களே மாணவியாக விண்ணப்பிக்கலாம். இரண்டு வருஷ முதுநிலைப் படிப்புக்குக் குறிப்பு 16-இல் சொன்ன கல்வி உதவி உங்களுக்கும் உண்டு. தொழில் கற்றுக்கொள்ளத் தனி உதவியும் உண்டு. எங்கள் ஊரில் ஒரு பெண், முப்பத்து நாலு வயதில், மகனோடு சேர்ந்து காலை பஸ்ஸில் போய் பி.எட். முடித்தார். மாமியார் வீட்டில் ஆரம்பத்தில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள். முதல் தவணைப் பணம் வந்த பிறகு மதியச் சாப்பாட்டு டப்பாவை மாமியாரே கட்டிக் கொடுத்தார்.

21. வேலைக்குப் போக மனமில்லாமல் சொந்தத் தொழில் பார்க்க நினைப்பவருக்குத் தமிழ்நாடு அரசின் 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டம் இருக்கிறது. 2024 சுதந்திர தின உரையில் அறிவித்தது. 1 கோடி ரூபாய் வரை வங்கிக் கடன், அதில் 30 சதவீதம் மூலதன மானியம், 3 சதவீதம் வட்டி மானியம், கூடவே தொழில் பயிற்சி. மானியத்தைப் பார்த்து மயங்கிப் பெரிய கடனாக வாங்க வேண்டாம் என்பது என் சொந்த அபிப்பிராயம். பட்டாளத்தில் கணக்கு வழக்கைக் குவார்ட்டர் மாஸ்டர் பார்த்தார், கடையில் நாம்தான் பார்க்க வேண்டும். பயிற்சியை முழுதாக முடித்து, அதே தொழில் நடத்தும் ஒருவரிடம் இரண்டு மாதம் சம்பளம் இல்லாமல் நின்று பார்த்துவிட்டு, பிறகு கடன் மனு போடுங்கள்.

22. அக்னிவீர் பிள்ளைகளைப் பெற்றவர்களே, உங்கள் கணக்கு முற்றிலும் வேறு. 2022-இல் வந்த அந்தத் திட்டத்தில் நாலு வருஷம் முடித்து வெளியே வருபவருக்கு முன்னாள் படைவீரர் தகுதியோ பென்ஷனோ கிடையாது. ஆகவே மேலே சொன்ன சைனிக் போர்டு உதவிகளை எதிர்பார்த்து இருக்க வேண்டாம். அவர்களுக்குக் கிடைப்பது வட்டியோடு சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதி. படிப்பிலும் இரண்டு வழி உண்டு. பத்தாம் வகுப்போடு சேர்ந்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் பெறலாம். இந்திராகாந்தி பல்கலைக்கழகத்தில் அவர்களுக்கென்று ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது, அதற்கு வேண்டிய கிரெடிட்டில் பாதியைப் படையில் பெற்ற பயிற்சிக்கே தந்துவிடுவார்கள். மீதிப் பாதியை அந்த நாலு வருஷத்துக்குள் முடிக்கச் சொல்லி மகனிடம் வாரம் ஒரு தடவையாவது கேளுங்கள். சேவா நிதியை வைத்து உடனே கார் வாங்கலாம் என்று சொல்லும் மாமன்மார்களை வீட்டுக்குள் விடாதீர்கள்.

23. நல அலுவலகத்துக்குப் போகும்போது அசல் காகிதங்கள், இரண்டு செட் ஜெராக்ஸ், ஆறு பாஸ்போர்ட் போட்டோ, பேனா, பசை. பென்ஷன்காரரைக் கூடவே அழைத்துப் போங்கள், அவர் கையெழுத்து எங்காவது விட்டுப்போயிருக்கும். நானும் முதலில் தனியாகப் போய் மூன்று முறை திரும்பி வந்தவள்தான். விண்ணப்பம் போட்டதும் வரும் பதிவு எண்ணைக் காலண்டர் தாளில் எழுதிவைக்காமல், டிஸ்சார்ஜ் புக் செட்டோடு இருக்கும் நோட்டிலேயே தேதியோடு எழுதுங்கள். ஆன்லைனில் விண்ணப்பம் மாவட்டத்தில் நிற்கிறதா, மாநிலத்தில் நிற்கிறதா, டெல்லி போய்விட்டதா என்று காட்டும். குறை இருக்கிறது என்று திருப்பி அனுப்பியிருந்தாலும் அங்கேதான் தெரியும், வீட்டுக்குக் கடிதம் வராது. வாரம் ஒரு நாள், வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பிறகு என்று வைத்துக்கொள்ளுங்களேன், திறந்து பார்த்துவிடுங்கள்.

24. டிஸ்சார்ஜ் புக்கையும் பென்ஷன் ஆணையையும் லேமினேட் செய்யாதீர்கள். பிறகு அதில் ஒரு முத்திரைகூடப் போட முடியாது. ரப்பர் பேண்டும் வேண்டாம், வெயில் காலத்தில் உருகி ஒட்டிக்கொள்ளும். பழைய வேட்டித் துணியில் சுற்றி, ஜிப் கவரில் போட்டு, கூட இரண்டு துண்டு வசம்பு வையுங்கள், பூச்சி அண்டாது. டிரங்குப் பெட்டியிலேயே வைக்கலாம், இரும்பு என்பதால் எலிக்குப் பயமில்லை, ஆனால் சட்டென்று திறக்கும்படி இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் பெட்டியின் மேல் இன்வெர்ட்டர் பேட்டரி ஏறி உட்கார்ந்திருந்தது. சின்னவன் பிளஸ் டூ எழுதிய வருஷம் பேட்டரியை மாடிப்படிக்குக் கீழே மாற்றிவிட்டோம்.